முகத்த பாக்கறதுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேலை: புதுசா ஆள் எடுக்க உக்கார்றவங்களுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்ல ஹெச்ஆர், அட்மின் ரெண்டும் நான்தான் பாக்கறேன். மொத்தமே அறுபது பேர் சொச்சம், அதனால ஆபரேட்டர்லேர்ந்து அக்கவுண்ட்ஸ் வரைக்கும் யார எடுக்கறதா இருந்தாலும் முதல்ல என் டேபிளுக்குத்தான் வருவாங்க. ஆரம்பத்துல எப்படி எடுத்தோம்னா, ரெஸ்யூம ஒரு தடவ புரட்டுவேன், "உங்கள பத்தி சொல்லுங்க"ம்பேன், சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றாரு, எவ்ளோ எதிர்பாக்கறீங்க, அவ்ளோதான், அப்புறம் எம்டி ரூமுக்கு அனுப்புவேன், அவர் ரெண்டு நிமிஷம் பேசிட்டு "பையன் சுறுசுறுப்பா இருக்கான், போட்டுக்கோங்க"ன்னா போட்டுக்குவோம்.

அப்படி போட்ட ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர், பேச்சு அவ்ளோ தெளிவு, ஆனா மூணாவது மாசமே அவர் பாஸ் பண்ணி அனுப்பின ஒரு லாட் முழுசா கஸ்டமர்கிட்டேர்ந்து திரும்பி வந்துச்சு. அந்த நஷ்டம் பணத்தோட போச்சு. எனக்கு இன்னிக்கும் உறுத்தறது அதே நாள் வந்த இன்னொரு பையன்தான். கும்மிடிப்பூண்டிலேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி வந்தான், கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னான், கண்ண பாத்து பேசல, வேணாம்னுட்டோம். அவன் எப்படி வேலை பாத்திருப்பான்னு எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்க இனிமே வழியும் இல்ல. தப்பா எடுத்த ஆள் கண்ணுக்கு தெரிவாரு, தப்பா அனுப்பின ஆள் தெரியவே மாட்டாரு. அதனாலதான் ஆள் எடுக்கற எல்லாருக்கும் தனக்கு கை ராசி இருக்குன்னு ஒரு நெனப்பு வந்துடுது.

அப்பறம் ஒரு நாள் சிட்டில ஒரு காலேஜ்ல ஆர்கனைசேஷனல் சைக்காலஜி எடுக்கற மேடம் ஒருத்தங்க ஸ்டூடண்ட்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு பர்மிஷன் கேட்டு வந்தாங்க, அவங்க ரிசர்ச்சே ஆட்கள எப்படி தேர்ந்தெடுக்கறது, எப்படி மதிப்பிடறதுங்கறதுதான். "சார், உங்க இன்டர்வியூல நல்லா பண்ணவங்க வேலையிலயும் நல்லா பண்றாங்களா?"ன்னு கேட்டாங்க. தெரியல மேடம்னேன். "சரி, இன்டர்வியூ மார்க்காவது குடுங்க"ன்னாங்க. மார்க்னு ஒண்ணு நாங்க போட்டதே இல்ல. அன்னிலேர்ந்து அவங்ககிட்டயும், அவங்க படிக்க சொன்னதுலயும், ஷாப்ல செஞ்சு பாத்ததுலயும் கத்துக்கிட்டத எழுதறேன், புதுசா ஹெச்ஆர்ல சேர்ந்தவங்க, சின்ன கம்பெனில திடீர்னு "நீயே ஆள் பாரு"ன்னு பொறுப்பு வந்தவங்க, உங்களுக்கு உதவும்.

முதல்ல அந்த வேலை என்னன்னு தெரிஞ்சுக்குங்க

வேலைக்கு விளம்பரம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் இதுக்கு ஒதுக்குங்க, இத விட்டுட்டு மத்தத பண்ணா எல்லாமே வீண். அந்த வேலைய மேய்க்கிற சூப்பர்வைசர்கிட்ட போய் "எப்படிப்பட்ட ஆள் வேணும்ணே?"ன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா "சின்சியரா இருக்கணும், பொறுப்பா இருக்கணும், லீவு போடக் கூடாது"ன்னுதான் வரும், அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இது இன்னிக்கு நேத்து பிரச்சன இல்ல, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க விமானப் படையில பைலட் ட்ரெயினிங்ல ஃபெயில் ஆனவங்களோட ரிப்போர்ட்ட எடுத்து பாத்தா காரணம்னு எழுதினதெல்லாம் "பறக்கற திறமை இயல்பா இல்ல", "குணம் ஒத்து வரல" இந்த மாதிரியே இருந்துச்சாம். அங்க வேலை பாத்த ஜான் ஃபிளானகன்ங்கற சைக்காலஜிஸ்ட் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு, 1954ல அத விரிவா எழுதினாரு, கிரிட்டிக்கல் இன்சிடென்ட் முறைன்னு பேரு. குணத்த கேக்காத, நடந்த சம்பவத்த கேளு, அவ்ளோதான் விஷயம்.

நான் பண்ற விதம் இது. பதினொரு மணி டீ டைம்ல நோட்ட எடுத்துட்டு போயிடுவேன். "அண்ணே, போன ஆறு மாசத்துல இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கற யாராவது செஞ்சத பாத்து சபாஷ்னு நெனச்சீங்களே, அப்படி ஒண்ணு சொல்லுங்க. எங்க, எந்த ஷிஃப்ட், என்ன செஞ்சாங்க, அதனால என்ன ஆச்சு?" அப்பறம் அதே மாதிரி தலையில கை வெச்ச சம்பவம் ஒண்ணு. முதல் தடவ கேட்டப்ப எங்க சூப்பர்வைசர் அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சாரு, அப்பறம் நிறுத்தவே இல்ல. ஒரு பொண்ணு மைக்ரோமீட்டர் ரீடிங் எல்லாம் ஒரே பக்கமா சாயறத பாத்துட்டு, பீஸ் இன்னும் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, இருந்தாலும் ஆபரேட்டர்கிட்ட போய் டூல் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்கண்ணான்னு சொன்னது. இன்னொருத்தர் பழைய ரிவிஷன் டிராயிங்க வெச்சுக்கிட்டே ஒரு ஷிஃப்ட் பூரா அளந்தது. நைட் ஷிஃப்ட்ல வண்டி நிக்குதேன்னு அளக்காமயே ரிப்போர்ட் எழுதினது. மூணு நாலு பேர்கிட்ட பேசினா இருபது சம்பவம் தேறும், அந்த வேலையில இப்ப இருக்கறவங்ககிட்டயும் பேசுங்க, சூப்பர்வைசருக்கு தெரியாதது அவங்களுக்கு தெரியும்.

அந்த இருபதையும் ஒண்ணா பரப்பி வெச்சு ஒரே சாதியான சம்பவங்கள சேத்தீங்கன்னா நாலஞ்சு குவியல் வரும். எங்களுக்கு வந்தது: சரியான கருவிய எடுத்து சரியா அளக்கறது, டிராயிங் படிக்கறது, நெருக்கடியிலயும் பொய் ரிப்போர்ட் எழுதாம நிக்கறது, ஆபரேட்டர்கிட்ட சண்டை போடாம தப்ப எடுத்து சொல்றது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுதுங்க, இது வரும்போதே கொண்டு வரணுமா, இல்ல சேர்ந்த அப்பறம் ரெண்டு வாரத்துல கத்துக் குடுத்துடலாமா. கத்துக் குடுக்கக் கூடியதுக்காக யாரையும் வெளிய அனுப்பாதீங்க.

தேவையில்லாத தகுதிய அடிச்சுடுங்க

காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் போனா, முதலாம் பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு இருக்கு, பத்தாம் நூற்றாண்டு, ஊர் சபை வாரியத்துக்கு ஆள் எடுக்கற விதிமுறைய செவுத்துலயே வெட்டி வெச்சிருக்காங்க. வயசு 35க்கு மேல 70க்குள்ள, கணக்கு காட்டாதவன் ஆகாது, அவன் சொந்தக்காரனும் ஆகாது, கடைசில பேர ஓலையில எழுதி குடத்துல போட்டு ஒரு சின்ன பையன விட்டு எடுக்க சொல்றது. முன்கூட்டியே எழுதி எல்லாரும் பாக்கற எடத்துல வெச்சாங்களே, அது எனக்கு ரொம்ப புடிக்கும். ஆனா அதே லிஸ்ட்ல சொந்த நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரியணும்னும் இருக்கு, அந்த மூணு வரியிலயே ஊர்ல பாதிக்கு மேல பேருக்கு குடத்து பக்கமே வர முடியாம போயிருக்கும். நம்ம விளம்பரத்துலயும் அப்படி வரிங்க இருக்கு. "ஆண்கள் மட்டும்", "28 வயசுக்குள்ள", "ஃப்ளூயண்ட் இங்கிலீஷ்", "மினிமம் 5 வருஷ அனுபவம்". ஒவ்வொரு வரிக்கும் உங்க இருபது சம்பவத்துல ஒண்ணாவது சாட்சி சொல்லுதான்னு பாருங்க, சொல்லலைன்னா அடிச்சுடுங்க. அனுபவ வருஷத்துக்கு ஆராய்ச்சியிலயே பெருசா மதிப்பு இல்ல, நம்பர் கீழ சொல்றேன்.

இங்க ஒரு விஷயம் நேராவே சொல்லணும். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்த தெரு? அப்பா பேர் என்ன?" இந்த கேள்வி எதுக்கு கேக்கறாங்கன்னு கேக்கறவருக்கும் தெரியும், எதிர்ல உக்காந்திருக்கறவருக்கும் தெரியும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பேப்பர்ல வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே தகுதி உள்ள ரெஸ்யூம்கள பேர மட்டும் மாத்தி அனுப்பி பாத்தாங்க, உயர் சாதி இந்து பேருக்கு வந்த அளவு பதில் தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் வரல. ரெஸ்யூம்ல இருந்தது அதே படிப்பு. தமிழ்நாட்டுல பொதுவா பேருக்கு பின்னால சாதி போடறதில்ல, அதுக்கு பதிலாத்தான் இந்த ஊர் கேள்வி. அதனால முதல் வடிகட்டல் பண்றவர் கைக்கு போற பேப்பர்ல பேர், ஃபோட்டோ, அப்பா பேர், ஊர், மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா எதுவும் இருக்கக் கூடாது. எங்க ஷாப்ல அக்கவுண்ட்ஸ் பொண்ணு ஒருத்தங்க ரெஸ்யூமுக்கு நம்பர் குடுத்து, தேவையான நாலு விவரத்த மட்டும் ஒரு எக்செல்ல ஏத்திடுவாங்க, நான் அத மட்டும்தான் பாப்பேன். நாப்பது ரெஸ்யூமுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகுது.

செய்ய சொல்லி பாருங்க

எனக்கு ரொம்ப புடிச்ச பாகம் இதுதான். வேலைய பத்தி பேச விடாம வேலையில ஒரு துண்ட வெட்டி குடுத்து செய்ய சொல்றது, ஒர்க் சாம்பிள்னு சொல்லுவாங்க. டேபிள்ல ஒரு டிராயிங், அஞ்சு பின்னு, ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு துணி. டிராயிங்ல டயா (விட்டம்) 18 மில்லிமீட்டர், ப்ளஸ் ஆர் மைனஸ் 0.02. அஞ்சுல மூணு பின்னு சரி, ஒண்ணு ஓவர் சைஸ், ஒண்ணு ஒரு முனையில சரியா இருக்கும் இன்னொரு முனையில 0.04 கூட இருக்கும், டேப்பர்னு சொல்லுவோம். இருவது நிமிஷம். விஷயம் தெரிஞ்சவர் என்ன பண்ணுவார்னா, 0.02 டாலரன்ஸுக்கு 0.02 லீஸ்ட் கவுண்ட் (அதுல அளக்க முடியற மிகச் சின்ன அளவு) வெர்னியர் பத்தாதுன்னு மைக்ரோமீட்டர எடுப்பாரு, அதோட அளக்கற முகத்த துணியால தொடைச்சு ஸீரோ சரியா காட்டுதான்னு பாப்பாரு, ஒவ்வொரு பின்னையும் ரெண்டு மூணு எடத்துல அளப்பாரு. பேசவே வேணாம், கைய பாத்தாலே தெரியும். இதுக்கும் மார்க் முன்னாடியே பிரிச்சு எழுதி வெச்சுடணும்: ஸீரோ பாத்தா 2, கருவி சரின்னா 2, டேப்பர கண்டுபிடிச்சா 4, இப்படி.

மத்த வேலைக்கும் இதே மாதிரிதான். அக்கவுண்ட்ஸுக்கு பத்து பில்லு குடுத்து டாலில ஏத்த சொல்லுங்க, அதுல ரெண்டுல ஜிஎஸ்டி நம்பர் தப்பா இருக்கட்டும். கஸ்டமர் சப்போர்ட்டுக்கு கோவமா வந்த மெயில் ஒண்ணு குடுத்து பதில் எழுத சொல்லுங்க. டெஸ்ட் இருக்குன்னு முன்னாடி நாளே எல்லாருக்கும் சொல்லிடணும். ஒரு மணி நேரத்துக்கு மேல வாங்காதீங்க. ஐடி கம்பெனிங்க இருக்கற ஓஎம்ஆர் ரோடு பக்கம் சில எடத்துல அசைன்மெண்ட்னு சொல்லி மூணு நாள் வேலைய வாங்கிக்கறாங்கன்னு பசங்க சொல்றாங்க, காசு குடுக்காம அப்படி வாங்கறது அநியாயம், கம்பெனிக்கு நெஜமா தேவைப்படற வேலைய டெஸ்ட்டா குடுக்கவே குடுக்காதீங்க.

இன்டர்வியூ

இப்ப அந்த நம்பருங்க. 1998ல ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர்ங்கற ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க 85 வருஷ ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து, ஆள் எடுக்கற 19 வழிய ஒப்பிட்டு ஒரு பேப்பர் எழுதினாங்க. 2022ல பால் சாக்கெட்டும் கூட இருந்தவங்களும் அந்த கணக்குல ஒரு திருத்தம் பண்ணாங்க. 0ன்னா தேர்வு மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்ல, 1ன்னா அப்படியே பொருந்துதுன்னு வெச்சுக்குங்க. திருத்தின கணக்குல, எல்லாருக்கும் ஒரே கேள்வி கேட்டு ஒரே அளவுகோல்ல மார்க் போடற ஸ்ட்ரக்சர்ட் இன்டர்வியூவுக்கு 0.42, லிஸ்ட்லயே அதுதான் முதல். வாய்க்கு வந்தத கேக்கற சாதா இன்டர்வியூவுக்கு 0.19. ஒர்க் சாம்பிள் 0.33. அனுபவ வருஷம் 0.07. அதே ரூம், அதே ஆளுங்க, அதே அரை மணி நேரம், கேக்கற விதத்த மாத்தினா ரெண்டு மடங்குக்கு மேல போகுது, செலவு ஒரு பைசா இல்ல.

கேள்விய உங்க சம்பவ நோட்டுலேர்ந்தே எடுங்க. அனுபவம் உள்ளவங்கன்னா "இப்படி ஒண்ணு உங்களுக்கு நடந்திருக்கா, என்ன பண்ணீங்க"ன்னு கேக்கலாம், ஃப்ரெஷர்னா "இப்படி நடந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்கலாம். எங்க கேள்வி ஒண்ணு: "நைட் ரெண்டு மணி, டிஸ்பாட்ச் வண்டி கேட்ல நிக்குது, லாட்ல ஒரு பீஸ் அவுட்டுன்னு உங்களுக்கு தெரியுது, சூப்பர்வைசர் 'அனுப்பிடு, காலைல பாத்துக்கலாம்'ங்கறாரு. என்ன பண்ணுவீங்க?" பதில் வரப் போற அன்னிக்கு முன்னாடியே மார்க் எழுதி வெச்சிருக்கோம். "அவர் சொன்னா அனுப்பிடுவேன்" 1. "அனுப்ப மாட்டேன், மேல சொல்லுவேன்" 3. "லாட்ட நிறுத்தி ஹோல்ட் டேக் போட்டு, இன்னும் கொஞ்சம் பீஸ் எடுத்து அளந்து, எத்தன அவுட்னு நம்பரோட சூப்பர்வைசர்கிட்டயும் ஷிஃப்ட் இன்சார்ஜ்கிட்டயும் சொல்லுவேன்" 5. இந்த 1, 3, 5 வாசகத்த சூப்பர்வைசர் அண்ணன்தான் சொன்னாரு, நான் எழுதிக்கிட்டேன். ஆறு ஏழு கேள்வி போதும்.

ரெண்டு பேர் உக்காருங்க, தனித்தனி ஷீட், ஒரு பதில் முடிஞ்ச உடனே ரெண்டு பேரும் மார்க் போட்டுடணும், ஒருத்தர் ஷீட்ட இன்னொருத்தர் பாக்கக் கூடாது, நடுவுல பேசிக்கவும் கூடாது. எல்லாம் முடிஞ்சு மொத்தமா மார்க் போட்டா என்ன ஆகும்னு 1920லயே எட்வர்ட் தார்ன்டைக்ங்கற சைக்காலஜிஸ்ட் சொல்லிட்டாரு: ராணுவ அதிகாரிங்க கீழ இருக்கறவங்களுக்கு போட்ட மார்க்க பாத்தா உடல் வாகு, புத்தி, தலைமை, நடத்தை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மார்க், ஒண்ணுல நல்லவன்னு பட்டா எல்லாத்துலயும் நல்லவன். ஹேலோ எஃபெக்ட்ங்கறது இதுதான். மார்க் ரொம்ப வித்தியாசமா இருந்தா கடைசில ரெண்டு பேரும் குறிப்ப பாத்து பேசுங்க, பதில்ல என்ன சொன்னாங்கங்கறத மட்டும்.

மொழி விஷயம். வேலைக்கு இங்கிலீஷ் தேவைன்னு உங்க நோட்டு சொல்லலைன்னா தமிழ்லயே கேளுங்க. அம்பத்தூர்ல பீகார், ஒடிசா பசங்க நிறைய வர்றாங்க, அவங்களுக்கு ஷாப்ல ஹிந்தி தெரிஞ்ச ஒருத்தர உக்கார வெச்சு அதே கேள்விய கேளுங்க. "உங்க வீக்னெஸ் என்ன", "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க" இதெல்லாம் விட்டுடுங்க. கல்யாணம் எப்போ, குழந்தை இருக்கா, இத பொண்ணுங்ககிட்ட கேக்கவே கேக்காதீங்க, அந்த பதில வெச்சு நீங்க நியாயமா செய்யக் கூடியது ஒண்ணுமே இல்ல.

வாங்கற டெஸ்ட்டுங்க பத்தி சுருக்கமா. ஆப்டிட்யூட் டெஸ்ட் பெரிய கூட்டம் வர்ற எடத்துக்கு உதவும், எங்கள மாதிரி பத்து பேர் வர்ற எடத்துக்கு ஒர்க் சாம்பிளே போதும்ங்கறது என் அபிப்பிராயம். நாலு எழுத்துல ஆள அடைக்கற மையர்ஸ் பிரிக்ஸ்ங்கற பெர்சனாலிட்டி டெஸ்ட்ட ஆள் எடுக்கறதுக்கு வெக்காதீங்க, அத விக்கறவங்களே ஆள் எடுக்க இத பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்றாங்க. ரிப்போர்ட்ட படிச்சா "அட, என்ன பத்தியே எழுதியிருக்கே"ன்னு தோணும், அதுக்கு மயங்க வேணாம்: 1948ல பெர்ட்ராம் ஃபோரர்ங்கற சைக்காலஜிஸ்ட் 39 ஸ்டூடண்ட்ஸுக்கு டெஸ்ட் வெச்சு எல்லாருக்கும் ஒரே ரிப்போர்ட்ட குடுத்தாரு, அதுல பெரும்பாலும் ஒரு ஜோசிய புக்லேர்ந்து எடுத்த வரிங்க, அவங்க போட்ட சராசரி மார்க் அஞ்சுக்கு 4.26. ஏஐ வெச்சு ரெஸ்யூம் வடிகட்டறதும் அப்படியே நம்பிடக் கூடாது, அமேசான் பழைய ரெஸ்யூம்கள வெச்சு பழக்கின ஒரு ப்ரோக்ராம் பெண்கள் சம்பந்தப்பட்ட வார்த்தை இருந்தாலே மார்க்க குறைச்சுதுன்னு 2018ல செய்தி வந்துச்சு, அத அவங்க கைவிட்டுட்டாங்க.

எம்டிய என்ன பண்றது

புதுசா வர்றவங்க எல்லாருக்கும் மாட்டற எடம் இது. ஒர்க் சாம்பிள், இன்டர்வியூ ரெண்டு மார்க்கயும் முன்னாடியே முடிவு பண்ண விகிதத்துல கூட்டி வரிசை போட்டு கொண்டு போறீங்க, அவர் ரெண்டாவது ஆள பாத்துட்டு "எனக்கு இவன்தான் சரியா படுது"ங்கறாரு. அந்த எடத்துல வாக்குவாதம் பண்ணி பிரயோஜனம் இல்ல, அவர முன்னாடியே உள்ள கொண்டு வந்துடணும். நான் எம்டிகிட்ட சொன்னது, "சார், உங்க அபிப்பிராயம் வேணும், அதனால உங்களுக்கும் ஒரு ஷீட், ரெண்டு கேள்வி நீங்களே கேளுங்க, மார்க் போடுங்க, எங்க மார்க்கோட உங்க மார்க்கும் கூட்டிக்கறேன்." முதல்ல சலிச்சுக்கிட்டாரு, ரெண்டாவது தடவ அவரே அந்த நைட் ஷிஃப்ட் கேள்விய கேட்டாரு. தெரிஞ்சவங்க பையன்னு ஃபோன் வந்தா அவனுக்கும் அதே பின்னு, அதே டேபிள்.

ஆறு மாசம் கழிச்சு

மேடம் கேட்ட முதல் கேள்விக்கு பதில் இங்கதான் கிடைக்கும். சேர்ந்து ஆறு மாசம் ஆனதும் சூப்பர்வைசர்கிட்ட, தேர்வு மார்க்க காட்டாம, அந்த நாலஞ்சு குவியல்லயும் தனித்தனியா மார்க் வாங்குங்க. எக்செல்ல ஒரு காலம் தேர்வு மார்க், பக்கத்து காலம் வேலை மார்க், கோரெல்னு (CORREL) ஒரு ஃபார்முலா இருக்கு, போட்டா மேல சொன்ன 0.42 மாதிரி ஒரு நம்பர் வரும். எட்டு பத்து பேர வெச்சு வர்ற நம்பர நம்பி எதையும் மாத்தாதீங்க, ஒருத்தர் உள்ள வந்தாலே தலைகீழா போகும், முப்பது நாப்பது பேர் சேர்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே வாங்க.

நம்பர் சின்னதா வந்தா உடனே டெஸ்ட் வேஸ்ட்டுன்னும் நெனச்சுடாதீங்க. சென்னை எம்டிசி பஸ் டிரைவருங்கள மட்டும் எடுத்து கண் பார்வைக்கும் ஆக்ஸிடெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, ஏன்னா கண்ணு சரியில்லாதவங்கள முன்னாடியே நிறுத்தியாச்சு. அதுக்காக கண் டெஸ்ட்ட எடுத்துட முடியுமா? நம்மகிட்டயும் மார்க் கம்மியா வாங்கினவங்க உள்ளயே வரல, அவங்க கணக்கு நமக்கு கிடைக்காது. இத சரிக்கட்ட ஆராய்ச்சியாளர்கள் நம்பர ஏத்தி கணக்கு போடுவாங்க, முன்னாடி அத அளவுக்கு மீறி ஏத்திட்டாங்கன்னுதான் சாக்கெட் 2022ல சொன்னாரு, ஸ்ட்ரக்சர்ட் இன்டர்வியூ 0.51லேர்ந்து 0.42க்கு இறங்கினது அதனாலதான். அந்த கும்மிடிப்பூண்டி பையன் ஞாபகம் எனக்கு இந்த எடத்துல எப்பவும் வரும்.

கடைசி வேலை, அன்னிக்கு சாயந்திரமே பண்ண வேண்டியது: கிடைக்காதவங்களுக்கு பதில் சொல்றது. "ரெண்டு நாள்ல சொல்றோம்"னுட்டு சொல்லாம விட்டா அவங்க ஃபோன கையில வெச்சுக்கிட்டே வேற எடத்துக்கு போகாம உக்காந்திருப்பாங்க. நான் அனுப்பற வாட்ஸப் மெசேஜ் இதுதான், அப்படியே எடுத்துக்கலாம்: "வணக்கம். இன்னிக்கு நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி. இந்த தடவ வேற ஒருத்தர எடுத்திருக்கோம். அளவு டெஸ்ட்ல உங்களுக்கு 10க்கு 6, நாலாவது பின்ன ஒரு எடத்துல மட்டும் அளந்திருந்தீங்க, அது ஒரு முனையில கூட இருந்துச்சு. அடுத்த தடவ இடம் காலியானா சொல்றோம், திரும்ப வரலாம். சந்தேகம் இருந்தா இந்த நம்பருக்கு கூப்பிடுங்க." கூப்பிடுவாங்க, எடுத்து பேசுங்க.